மனப்பாடத்தில் மாட்டிக்கொண்ட அனாட்டமி

மேல்நிலை வகுப்பில் மனித உடற்கூறியலும் உடலியங்கியலும் எடுத்திருக்கிறேன் என்று ஒரு பிள்ளை சொன்னால், உடனே வரும் கேள்வி "டாக்டருக்குப் படிக்கப் போறியா?" என்பதுதான். இல்லை என்றால், "அப்புறம் எதுக்கு இந்தக் கஷ்டம்?" என்று அடுத்த கேள்வி. வரலாறு எடுத்த பிள்ளையிடம் யாரும் "ராஜாவாகப் போறியா?" என்று கேட்பதில்லை. சாகும்வரை கூடவே வரப்போகிற உடம்பைப் பற்றிப் படிக்கத்தான் இவ்வளவு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆனால் அந்த வகுப்பில் சேர்ந்து, பாதியிலேயே வெறுத்துப்போகும் பிள்ளைகளை நான் குறை சொல்ல மாட்டேன். ஆரம்பமே 206 எலும்புகள். அவற்றில் உள்ள மேடு, பள்ளம், துளை ஒவ்வொன்றுக்கும் லத்தீனிலோ கிரேக்கத்திலோ ஒரு பெயர். அது முடிந்தால் தசைகள், 600க்கும் மேல். அம்புக்குறி போட்ட படத்தில் பெயர் எழுதச் சொல்லி ஒரு தேர்வு, தேர்வு முடிந்த மறுவாரமே மறதி. பெயரை முதலில் திணித்துவிட்டு, அந்த உறுப்பு என்ன செய்கிறது என்பதை அடுத்த பாடத்துக்குத் தள்ளிவைப்பதுதான் இந்த வகுப்பின் கோளாறு என்பது என் கட்சி. கேள்வி முன்னால் வரட்டும். பெயர் அதன் பின்னாலேயே வந்துவிடும்.

இதற்கு அனாட்டமியின் வரலாற்றிலேயே சாட்சி இருக்கிறது. இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த பப்ரீசியஸ், சிரைகள் என்ற ரத்தக் குழாய்களுக்குள் இருக்கும் வால்வுகளைப் பற்றி 1603இல் எழுதினார். அருமையாகப் படம் போட்டார், பெயரும் வைத்தார். ரத்தம் மொத்தமாகக் கைகால்களுக்கு ஓடித் தேங்கிவிடாமல் தடுக்கத்தான் அவை இருக்கின்றன என்று முடிவு கட்டினார். அவரிடம் படித்த வில்லியம் ஹார்வி, அந்த வால்வு எந்தப் பக்கம் வழிவிடுகிறது என்று பார்த்தார். மேல்கையில் துணியை இறுக்கிக் கட்டினால் கீழே சிரைகள் புடைத்துக்கொள்ளும். அதில் விரலை வைத்து ரத்தத்தைத் தோள் பக்கம் தள்ளினால் போகிறது. விரல்நுனிப் பக்கம் தள்ளினால் வால்வில் முட்டிக்கொண்டு நிற்கிறது. அப்படியென்றால் சிரையில் ஓடுவது இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம். ஆசிரியர் பெயர் வைத்துவிட்டுப் போன இடத்தில் மாணவர் ரத்த ஓட்டத்தையே கண்டுபிடித்தார்.

1628இல் அவர் வெளியிட்ட நூலில் ஒரு கணக்கும் இருக்கிறது. அதை இன்றைய அளவுகளை வைத்து எந்த வகுப்பிலும் போட்டுப் பார்க்கலாம். ஓய்வாக இருக்கும்போது இதயம் ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லி ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் 4.9 லிட்டர். ஒரு மணி நேரத்துக்கு 294 லிட்டர். உடம்பில் மொத்தம் இருப்பதோ ஐந்து லிட்டர் சொச்சம். சாப்பாட்டிலிருந்து கல்லீரல் புதிது புதிதாக ரத்தம் தயாரிக்கிறது, உறுப்புகள் அதைத் தீர்த்துவிடுகின்றன என்பதுதான் பண்டைய கிரேக்க மருத்துவர் கேலன் காலத்திலிருந்து நம்பப்பட்டு வந்தது. மணிக்கு 294 லிட்டர் தயாரிக்க எவ்வளவு சாப்பிடுவது? ஹார்வி வைத்துக்கொண்ட அளவு இதைவிட மிகக் குறைவு. அதுவே கேலனைக் கவிழ்க்கப் போதுமானதாக இருந்தது. இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகும் தமனியிலிருந்து சிரைக்கு ரத்தம் எந்த வழியாகப் போகிறது என்பதை மட்டும் அவரால் பார்க்க முடியவில்லை. 1661இல் இத்தாலிய மருத்துவர் மால்பிகி தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் வைத்து, இரண்டையும் இணைக்கும் நுண்ணிய குழாய்களான தந்துகிகளைக் கண்டார். இந்தக் கதையோடு படித்த பிள்ளைக்குத் தமனி, சிரை, தந்துகி மூன்றும் மறக்குமா?

இன்னொன்று, மூச்சு. மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் தாங்க முடியாமல் போகிறதே, ஏன்? ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது என்றுதான் பெரும்பாலானவர்கள் சொல்வார்கள். முக்கியமாக மூளையை உசுப்புவது ரத்தத்தில் ஏறும் கார்பன் டை ஆக்சைடு. இது பரீட்சைக்கான துணுக்கு மட்டும் கிடையாது. தண்ணீருக்கடியில் அதிக நேரம் இருக்கலாம் என்று, முங்குவதற்கு முன்னால் வேகவேகமாக மூச்சை இழுத்துவிடும் பழக்கம் இளைஞர்களிடம் இருக்கிறது. அதனால் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது, ஆக்சிஜன் பெரிதாகக் கூடுவதில்லை. மூச்சு முட்டும் எச்சரிக்கை வருவதற்குள் ஆக்சிஜன் தீர்ந்து, தண்ணீருக்குள்ளேயே மயக்கம் போட்டுவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இப்படிச் செத்திருக்கிறார்கள். மூச்சு மண்டலப் பாடத்தில் முதல் நாளே சொல்ல வேண்டிய விஷயம் இது.

பெயரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் இருக்கின்றன. எட்டையும் வரிசையாக ஒப்பிப்பது பிள்ளைகளுக்குப் பெரிய தலைவலி. கட்டைவிரலை விறைப்பாக நீட்டிப் பாருங்கள், அதன் அடியில் மணிக்கட்டு ஓரமாக ஒரு குழி விழும். அந்தக் குழிக்குக் கீழே இருப்பது ஸ்கேபாய்டு. கீழே விழும்போது கையை ஊன்றினால், அந்த எட்டில் அதிகம் முறிவது இதுதான். இதற்கு ரத்தம் வரும் வழியும் விசித்திரமானது. பெரும்பகுதி விரல் பக்க முனையில் நுழைந்து முன்கைப் பக்கமாகப் பின்னோக்கிப் போகிறது. நடுவில் முறிந்தால் முன்கைப் பக்கத்துத் துண்டுக்கு ரத்தம் நின்று, அந்தத் துண்டு செத்துப்போகவும் வாய்ப்பு உண்டு. முதல் எக்ஸ்ரேயில் முறிவு தெரியாமல் போவதும் சகஜம். அதனால்தான் அந்தக் குழியில் அழுத்தினால் வலிக்கிறது என்று சொன்னால், படம் சுத்தமாக இருந்தாலும் டாக்டர் கட்டுப் போட்டு அனுப்பி, மறுபடி வரச் சொல்கிறார். இவ்வளவும் சொல்லிக்கொடுத்தால் ஸ்கேபாய்டு ஒட்டிக்கொள்ளும். மீதி ஏழும் கொஞ்சம் தாமதமாக வரட்டும், ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

ஆட்டு இதயத்தை அறுத்துப் பார்ப்பது பற்றி இரண்டு பக்கமும் கோபமாகப் பேசுகிறார்கள். மனம் ஒப்பாத பிள்ளையைக் கட்டாயப்படுத்தக் கூடாது, அதற்காக மார்க் குறைக்கவும் கூடாது. ஒப்புகிறவர்களுக்கு அதற்கு ஈடாக எந்தத் திரையும் கிடையாது. இதயத்தின் கீழறையான வெண்ட்ரிக்கிளின் இடது சுவரையும் வலது சுவரையும் விரல்களுக்கு நடுவில் பிடித்துப் பார்த்தால் போதும். இடது சுவர் வலதைப் போல மூன்று மடங்கு தடிமன் இருக்கும். ஏன் என்று ஆசிரியர் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்கம் பக்கத்திலேயே இருக்கிற நுரையீரலுக்குத் தள்ளுகிறது, மறுபக்கம் உச்சந்தலை முதல் கால் விரல் வரை தள்ளுகிறது என்று யாராவது ஒரு பிள்ளை சொல்லிவிடும்.

இனப்பெருக்க மண்டலம் வந்தவுடன் "இதை நீங்களே படிச்சுக்கோங்க" என்று தாண்டிப்போகும் ஆசிரியர்களைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். இங்கே எழுதினால் கோபம் வரும்.

கேள்வித்தாள் தயாரிக்கும் வேலை என் கையில் இருந்தால், அம்புக்குறிப் படங்களைக் குறைத்துவிட்டு இப்படி ஒன்று கேட்பேன்: தொண்டையில் ஒரு கோளாறும் இல்லாத ஒருவருக்குக் குரல் கம்மிப்போயிருக்கிறது. டாக்டர் எதற்காக மார்புக்கு ஸ்கேன் எழுதுகிறார்? இடது குரல் நாணை அசைக்கும் நரம்பு கழுத்திலிருந்து நேராகக் குரல்வளைக்குப் போவதில்லை. மார்புக்குள் இறங்கி, பெருந்தமனியின் வளைவைச் சுற்றிக்கொண்டு மறுபடி மேலே ஏறுகிறது. அந்த வழியில் எங்கே ஒரு கட்டி அழுத்தினாலும் குரல் மாறும். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே பதில் எழுதட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. நரம்பின் லத்தீன் பெயரில் எழுத்துப்பிழை இருந்தாலும் மார்க்கில் கை வைக்க மாட்டேன்.