பின்னட்டையில் காணாமல் போன புள்ளி

சில வருடங்களுக்கு முன் நண்பர்கள் சேர்ந்து போட்ட ஓர் ஆல்பத்துக்கு நான்தான் உறை வடிவமைத்தேன். பன்னிரண்டு அங்குல இசைத்தட்டு. முன்னட்டைக்கு இரண்டு மாதம் ஆனது. ஓவியம், நிறம், தலைப்பின் எழுத்து என்று எல்லாவற்றுக்கும் வாக்குவாதம். பின்னட்டையை ஒரே ராத்திரியில் முடித்தேன். கறுப்புப் பின்புலம், மெலிந்த வெள்ளை எழுத்தில் பாடல்கள், அடியில் பொடி எழுத்தில் வாசித்தவர்களின் பெயர்கள். திரையில் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

அச்சாகி வந்த பெட்டியைப் பிரித்ததும் ஆளுக்கொரு பிரதி எடுத்தோம். பாடியவர் முன்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தாளம் வாசித்தவர் கையில் எடுத்ததுமே திருப்பிவிட்டார். ஜன்னல் பக்கம் போய், வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்து, விரலை வரி வரியாக நகர்த்திக்கொண்டு போனார். அவர் பெயர் 'ன்' என்று முடியும். அட்டையில் 'ன' என்று இருந்தது. புள்ளியைக் காணோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் ஒவ்வொரு பிரதியாக எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அப்படித்தான்.

ஏன் இப்படி ஆகிறது என்று பிறகுதான் முழுதாகப் புரிந்துகொண்டேன். அச்சில் ஆழமான கறுப்பு வேண்டுமென்றால் கறுப்பு மையோடு நீலம், சிவப்பு, மஞ்சள் மைகளையும் சேர்த்துக் கொடுப்பார்கள். வெள்ளைக்குத் தனி மை கிடையாது. மைக்கு ஒன்றாக இருக்கும் நான்கு அச்சுத் தகடுகளிலும் எழுத்தின் வடிவத்தில் இடம் விடப்படும்; அதன் வழியே தெரிகிற வெறும் தாள்தான் வெள்ளை. அந்த நான்கும் ஒன்றின் மேல் ஒன்று துல்லியமாக உட்கார வேண்டும். ஒரு தகடு 0.1 மில்லிமீட்டர் நகர்ந்தால்கூட ஒரு நிறம் எழுத்துக்குள் கசிந்துவிடும். தலைப்பில் அது கண்ணுக்கே தெரியாது. 5 பாயிண்ட் பொடி எழுத்தில் மெய்யெழுத்தின் புள்ளி அடைந்துபோகும். ஆங்கிலத்தில் ஒரு புள்ளி போனால் சமாளித்துப் படித்துவிடலாம். தமிழில் அது வேறு எழுத்தாகிவிடுகிறது, ஒருவருடைய பெயர் வேறு பெயராகிவிடுகிறது.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஆல்பத்தின் முன்னட்டை கூப்பிடுவதற்கு, பின்னட்டை படிப்பதற்கு. படிக்க முடியாத பின்னட்டை எத்தனை அழகாக இருந்தாலும் அது வேலை முடியாத பின்னட்டைதான். அதிலும் முதலில் இடம் ஒதுக்க வேண்டியது வாசித்தவர்களின் பெயர்களுக்கு. நடைமுறையில் நேர் எதிராகத்தான் செய்கிறோம். படம், பாடல் பட்டியல், நிறுவனச் சின்னம், பார்கோடு எல்லாம் உட்கார்ந்த பிறகு மிச்சமிருக்கும் மூலையில் பெயர்களைத் திணிக்கிறோம். இடம் போதவில்லையா, எழுத்தைக் குறை. இன்னும் போதவில்லையா, பெயரை எடு.

பெயரை எடுப்பது சின்ன விஷயமில்லை. அமெரிக்காவின் மோட்டவுன் நிறுவனம் 1960கள் முழுக்க வெற்றிப் பாடல்களாகக் கொடுத்துத் தள்ளியது. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் வாசித்தது கிட்டத்தட்ட ஒரே குழு. உறைகளில் அவர்கள் பெயரே இருக்காது. 1971இல் வந்த பாடகர் மார்வின் கேயின் ஆல்பத்தில்தான் அந்த நிறுவனம் வாசித்தவர்களின் பெயர்களை அச்சிட்டது. பேஸ் கிட்டார் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் விரல்களை உலகமே கேட்டுவிட்டிருந்தது, அதுவரை அவர் யாரென்று தட்டை வாங்கியவருக்குத் தெரியாது. இத்தனைக்கும் தேவைப்பட்டது அட்டையில் ஒரு வரி.

பின்னட்டைக்கு ஒரு காலத்தில் நல்ல மரியாதை இருந்தது. 1930களின் கடைசியில் கொலம்பியா ரெக்கார்ட்ஸில் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் வரும்வரை இசைத்தட்டு ஆல்பங்கள் பெரும்பாலும் படமில்லாத வெற்று அட்டைகளில்தான் வந்தன. முன்பக்கத்துக்கு ஓவியம் வந்தது அவர் கையால். 1948இல் எல்பி என்ற நீண்ட நேர இசைத்தட்டு வந்து ஒரு முழுச் சதுரம், ஏறக்குறைய 31 சென்டிமீட்டர், பின்னால் காலியாகக் கிடைத்ததும் அங்கே எழுத்து குடியேறியது. ஜாஸ் தட்டுகளைத் திருப்பிப் பாருங்கள். செலவைக் குறைக்கப் பெரும்பாலும் பின்பக்கம் ஒரே கறுப்பு மையில் அடித்திருப்பார்கள். இரண்டு மூன்று பத்திகளில் கட்டுரை, யார் எந்தக் கருவி, எந்தத் தேதியில் பதிவு என்று எல்லாம் இருக்கும். இந்தக் குறிப்புகளுக்கென்று கிராமி 1964லிருந்து தனி விருதே கொடுத்துவருகிறது. அந்த ஒரே மைப் பின்னட்டைகளை அறுபது வருடம் கழித்தும் சிரமமில்லாமல் படிக்க முடிகிறது. வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து. இதைவிடப் பெரிய வித்தை எனக்குத் தெரியவில்லை.

படமே கூடாது என்று சொல்லவில்லை. பிங்க் ஃபிளாய்ட் என்ற ராக் குழுவின் 1973 ஆல்பத்தில் முன்னால் பட்டகத்திலிருந்து பிரிந்து போகும் ஒளி உள்மடிப்பு வழியே ஓடிப் பின்னால் இன்னொரு பட்டகத்தில் போய்ச் சேரும். அட்டைகளை வரிசையாக அடுக்கினால் ஒளி நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். பின்னட்டையையும் சேர்த்து யோசித்தவர்களால்தான் அப்படிச் செய்ய முடியும்.

குறுந்தகட்டுக்கு வந்தால் இடம் சுருங்கிவிடுகிறது. பின்பக்கத் தாள் சுமார் 15 சென்டிமீட்டர் அகலம், 12க்கும் குறைவான உயரம், அதிலும் இருபுறமும் ஆறேழு மில்லிமீட்டர் மடிந்து முதுகாகப் போய்விடும். மிச்சத்தில் பார்கோடு வேறு. அதன் வழக்கமான அளவு ஏறக்குறைய 37க்கு 26 மில்லிமீட்டர். அந்த அளவில் 80 சதவீதமாகச் சுருக்கலாம், அதற்குக் கீழே போகக் கூடாது. வலமும் இடமும் வெற்றிடமும் விட வேண்டும். அழகுக்காக அதைச் சிவப்புக் கோடுகளாக மாற்றிக் கொடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கடைகளில் இருக்கும் பார்கோடு வருடிகள் பெரும்பாலும் சிவப்பு ஒளியில் வேலை செய்கின்றன. சிவப்புக் கோடு அதன் கண்ணுக்கு வெள்ளைத் தாளோடு தாளாகிவிடும். கறுப்பிலேயே விட்டுவிடுங்கள். அதற்கான இடத்தை முதலிலேயே குறித்துவிட்டால் அது யாரையும் தொந்தரவு செய்யாது.

இன்னொன்று, பாடல் வரிசை முடிவாகும் முன் பின்னட்டையை முடித்துவிடாதீர்கள். இசைத்தட்டில் ஊசி உள்வட்டத்தை நெருங்க நெருங்க ஒலியின் தெளிவு குறையும். அதனால் கடைசி நேரத்தில்கூட சத்தமான பாட்டை முன்னுக்கும் மென்மையான பாட்டைப் பக்கத்தின் கடைசிக்கும் மாற்றுவார்கள். நிமிடக் கணக்கும் மாஸ்டரிங் என்ற கடைசி ஒலிச் சீரமைப்பில் மாறும். பழைய பட்டியலோடு அச்சாகி, ஏழாவது என்று போட்ட பாட்டு ஐந்தாவதாக ஒலிக்கிற தட்டு என்னிடமே ஒன்று இருக்கிறது.

பதிப்புரிமைக் குறிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. வட்டத்துக்குள் ஆங்கில 'சி' போட்டால் அது அட்டையின் ஓவியத்துக்கும் எழுத்துக்கும். ஒலிப்பதிவுக்கு வட்டத்துக்குள் 'பி'. ஒலிப்பதிவு உரிமைகள் பற்றிய 1961 ரோம் ஒப்பந்தத்திலேயே இருக்கிற குறி. பல எழுத்துருக்களில் அது இருக்காது, வெறும் கட்டமாக அச்சாகிவிடும். கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள்.

இப்போது எல்லோரும் செயலியில்தானே கேட்கிறார்கள், பின்னட்டை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. செயலியில் விரல் நக அளவுக்கு முன்னட்டை மட்டும் தெரியும். வாசித்தவர் யார் என்று பார்க்க இரண்டு மூன்று இடத்தில் தட்டித் தேட வேண்டும், தேடினாலும் பாதிப் பெயர்கள்தான் இருக்கும். அதனால்தான் இணையத்தில் மட்டும் வெளியாகும் ஆல்பத்துக்கும் ஒரு பின்னட்டை செய்து படமாகப் போடுங்கள் என்று நான் கேட்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன். அதைச் சேமித்துவைப்பவர்கள் இருக்கிறார்கள். நானும் வைத்திருக்கிறேன்.

எங்கள் ஆல்பத்தை இரண்டாம் முறை அச்சிட்டபோது பின்னட்டையை முழுக்கக் கலைத்துவிட்டேன். வெளிர் நிறப் பின்புலம், ஒரே கறுப்பு மை, 8 பாயிண்ட், கொஞ்சம் தடித்த எழுத்துரு. வீட்டு அச்சுப்பொறியிலேயே அசல் அளவில் எடுத்து, வெட்டி, பழைய உறை ஒன்றின் மேல் ஒட்டி, ராத்திரி மங்கலான விளக்கில் கையை நீட்டிப் பிடித்துப் படித்துப் பார்த்தேன். பதினான்கு பெயர்களையும் அவரவருக்கே அனுப்பி, எழுத்துச் சரியா என்று கேட்டேன். இரண்டு பேர் இனிஷியலைத் திருத்தினார்கள். தாளம் வாசித்தவர் "சரியா இருக்கு" என்று மட்டும் பதில் போட்டார். 'சரியா' என்பதைப் பெரிதாக்கி இரண்டு தடவை படித்தேன்.

இந்த வாரம் புதிதாக ஓர் ஆல்பம் வந்திருக்கிறது. முன்னட்டைக்கு மூன்று யோசனைகள் கேட்டார்கள். நான் பதிலுக்குப் பெயர்ப் பட்டியலைக் கேட்டிருக்கிறேன். ஒலிப்பதிவுக் கூடத்தில் கேபிள் சுற்றி வைத்த பையனின் பெயர் உட்பட.