66ஏ பிரிவு இப்போது செல்லாது

வேலூர் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ் முன் நடந்த ஆர்ப்பாட்டத்தின் கோஷங்கள் மனதைப் புண்படுத்துகின்றன, அந்த வீடியோவை வாட்ஸ்அப்பில் பகிர்ந்தாலே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில் (புண்படுத்தும் செய்திகளை அனுப்புவது பற்றியது) 3 வருடம் ஜெயில் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். பலரும் அதை அப்படியே ஃபார்வர்ட் செய்கிறீர்கள்.

மன்னிக்கவும் நண்பரே, அந்தப் பிரிவு இன்று செல்லாது. அதை எதிர்த்துத் தொடரப்பட்ட ஸ்ரேயா சிங்கால் வழக்கில் 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அதை முழுவதுமாக ரத்து செய்துவிட்டது. காரணம் முக்கியம்: 'புண்படுத்துவது' எது என்பதற்கு அந்தப் பிரிவில் வரையறையே இல்லை. அரசியல் சாசனம் 19(2)-இல் பேச்சுரிமைக்குச் சொல்லப்பட்ட வரம்புகளிலும் (பொது ஒழுங்கு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல் முதலியவை) அது அடங்கவில்லை. ஒரு கருத்தைக் கடுமையாகச் சொல்வது வேறு, வன்முறைக்குத் தூண்டுவது வேறு என்று தீர்ப்பு தெளிவாகப் பிரிக்கிறது.

நீங்களே பார்க்கலாம். இந்தியா கோட் அரசுத் தளத்தில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ஐத் திறந்து 66ஏ-வுக்குப் போங்கள். பழைய வாசகம் அங்கே இன்னும் அச்சாகியிருக்கும்; குழப்பமே அதனால்தான். அடிக்குறிப்பையும் படியுங்கள், ரத்தான தேதி இருக்கும். 66 வேறு பிரிவு, அது அமலில் உள்ளது. 'ஏ' என்ற ஒற்றை எழுத்தை விட்டுவிடாதீர்கள்.

இதனால் எதையும் பகிரலாம் என்று ஆகிவிடாது. இரு பிரிவினரிடையே பகை மூட்டினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் (ஐபிசி-க்குப் பதிலாக வந்த குற்றவியல் சட்டம்) 196-ஆம் பிரிவு, அவதூறுக்கு 356-ஆம் பிரிவு உண்டு. எஃப்ஐஆர் வந்தால் முதலில் சட்டப் பிரிவு எழுதிய கட்டத்தைப் பாருங்கள். அதில் 66ஏ இருந்தால் தீர்ப்பு நகலோடு வக்கீலிடம் போங்கள். அந்தப் பிரிவில் யார் மீதும் வழக்கு நடத்தக் கூடாது என்று 2022 அக்டோபரிலும் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டுள்ளது.