நாசிக் போக ஜூலை சரிப்படாது

நாசிக்கின் ஒயின் தோட்டங்களைப் பார்க்க ஜூலையில் போகலாம், மழையில் ஊர் பச்சையாக இருக்கும் என்கிறது ஒரு கட்டுரை. பச்சை என்பது உண்மைதான். ஆனால் அப்போது திராட்சைக் கொடியில் பழம் இருக்காது. அறுவடை ஜனவரியிலிருந்து மார்ச் வரை. ஜனவரி 26 மதுவிலக்கு நாள், அதைத் தவிர்த்துவிடுங்கள்.

சூலா, யார்க் என்ற இரண்டு ஒயின் தோட்டங்களும் கங்காபூர் அணைப் பக்கம் அருகருகே இருப்பதால் ஒரே நாளில் முடியும். வலோனே என்ற இன்னொரு தோட்டம் இகத்புரி பக்கம். மும்பையிலிருந்து வரும் வழியிலேயே மதியச் சாப்பாட்டோடு பார்ப்பது மேல். மூன்றையும் ஒரே நாளில் திணித்தால் கடைசி இடத்தில் நாக்குக்கு எதுவும் தெரியாது.

மிசல் பாவ் (முளைகட்டிய பயறுக் காரக் குழம்பும் பன்னும்) காலையிலேயே முடியட்டும். அந்தக் காரத்தோடு ஷிராஸ் என்ற சிவப்பு ஒயின் குடித்தால் எரிச்சல் இரட்டிப்பாகும், லேசான இனிப்புள்ள செனின் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின் தாங்கும். சுவைக்க ஊற்றுவது 30 மி.லி. என்றாலும் ஐந்து வகை சேர்ந்தால் ஒரு முழுக் கோப்பை. வண்டிக்கு ஓட்டுநர் வைத்துக்கொள்ளுங்கள். வாங்கிய பாட்டிலை வெயிலில் நிற்கும் காரில் விடவேண்டாம், சூட்டில் கார்க் பிதுங்கி ஒயின் கெடும்.