ஜன்னலுக்கு ஸ்க்ரூ அடிச்சிட்டானுவ

இன்னைக்கு காலையில ஆபீசுக்குள்ள கால் வச்சதும் பாத்த காட்சிய சொல்றேன், கேளுங்க. மொத்த மாடிக்கும் தொறக்கக்கூடிய ஜன்னல் ஒண்ணே ஒண்ணுதான், மீட்டிங் ரூம்ல. மத்ததெல்லாம் ஒட்டிப்போட்ட கண்ணாடி, அழகுக்கு. அந்த ஒத்த ஜன்னலுக்கு நாலு மூலையிலயும் ஸ்க்ரூ. சுத்தி வெள்ளையா சிலிக்கான், இன்னும் காயக்கூட இல்ல, வினிகர் வாடை மூக்கத் தொளைக்குது. அதுக்கு மேல லாமினேஷன் பண்ணின ஒரு பேப்பர்: "ஏசி இயங்கும்போது ஜன்னலைத் திறக்காதீர்கள்." ஸ்க்ரூ அடிச்ச ஜன்னல எதவச்சு ஓய் தொறக்க, கடப்பாரையா?

எல்லாம் நான் வெள்ளிக்கிழமை செஞ்ச கொலபாதகத்துக்குத்தான். பத்து நிமிஷம் ஜன்னல தொறந்து வச்சேன். அவ்வளவுதான் என் குற்றம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் 3 மணிக்கு மீட்டிங். விஷயம் என்னன்னா "மதிய உணவுக்குப் பின் பணியாளர்கள் சோர்வடைவது ஏன்?" நான் இட்டுக்கட்டல மக்கா, மெயில் இருக்கு. 12-க்கு 15 அடி ரூம், 14 பேரு, தானா மூடிக்கிற கதவு, ஏசி 18-ல. என் தம்பி கோயம்புத்தூர்ல ஏசி வேலை பாக்கான், லீவுக்கு வந்தவன் காத்துல பத்து லட்சத்துக்கு எத்தன பங்கு கார்பன் டை ஆக்சைடு இருக்குன்னு காட்டுற மீட்டர் ஒண்ண வீட்டுல மறந்து விட்டுட்டுப் போயிட்டான். அத நான் கைப்பையில போட்டுக்கிட்டு வந்திருந்தேன். வெளிய ரோட்டுல வச்சா 420, 430 காட்டும். ரூமுக்குள்ள நொழையும்போதே 900.

3:20-க்கு 1700. சாரு இன்னும் முதல் ஸ்லைடுலயே நிக்காரு. பக்கத்துல அக்கவுண்ட்ஸ் அக்கா கொட்டாவி விட்டாவ, அதப் பாத்து நான் விட்டேன், என்னையப் பாத்து எதிர்ல இருந்த பையன் விட்டான், ஒரு ரவுண்டு சுத்தி கடைசில சாரே விட்டாரு, விட்டுக்கிட்டே "பாருங்க, இதத்தான் சொல்றேன், மத்தியானம் சோத்த கொறைங்க"ன்னாரு. 3:45-க்கு 2400. டைப்பிஸ்ட் அண்ணன் தல நெஞ்சுல விழுந்தாச்சு. எனக்கு நெத்தில ரெண்டு பக்கமும் ஆணி அடிக்கிற மாதிரி வலி. 4:10-க்கு 2940.

ராத்திரி உக்காந்து கணக்கு போட்டுப் பாத்தேன், நாம வெளிய விடுற மூச்சுல ஏறக்குறைய 40,000 இருக்கும், 2940-ல வெளிக்காத்தோட 420-ஐ கழிச்சுப் பாத்தா அந்த ரூம்ல நான் இழுத்த 16 மூச்சுக்கு ஒரு மூச்சு ஏற்கனவே வேற யாரோட நெஞ்சுக்குள்ளயோ போய்ட்டு வந்தது. அதுவும் யாரு நெஞ்சுன்னு நெனச்சா... அன்னைக்கு மூணு பேரு சாளைக் குழம்பு வேற. 1858-லயே ஜெர்மனில பெட்டன்கோபர்னு ஒருத்தரு, ரூமுக்குள்ள 1000-ஐ தாண்டிச்சுன்னா காத்து கெட்டுப்போச்சுன்னு அர்த்தம்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. நூத்தி அறுபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு. இன்னும் நம்ம ஆபீசுக்கு தகவல் வரல.

சரி, மரியாதையாத்தான் கேட்டேன். "சார், கொஞ்ச நேரம் ஜன்னல தொறக்கட்டுமா, காத்தே இல்ல."

"ஏசி ஓடுதுல்லாம்மா?"

"இந்த ஏசி புதுக் காத்து எதையும் கொண்டு வராது சார். ரூம்ல இருக்கத இழுத்து குளுத்தி திரும்ப ரூமுக்குள்ளயே விடும்."

சாரு அட்மின் அண்ணன பாத்தாரு. அட்மின் அண்ணன் பத்து வருஷமா ஏசி பில்லு பாஸ் பண்ணுற மனுஷன், அவரு கேட்டாரு பாத்துக்கிடுங்க ஒரு கேள்வி: "அப்ப வெளிய செவுத்துல தொங்குற பெட்டி எதுக்கு? அது வழியாத்தான காத்து வருது?"

அண்ணே. அந்தப் பெட்டி உள்ள இருக்க சூட்டை வெளிய தள்ளுறதுக்கு. ரெண்டுக்கும் நடுவுல ஓடுறது செம்புக் குழாய், அதுக்குள்ள கேஸ், காத்து போக வர அதுல வழியே கிடையாது. இத நான் போர்டுல படம் போட்டுக் காட்டினேன். மார்க்கர்ல. அம்பு எல்லாம் போட்டு. அதுக்கு அண்ணன் "அப்படின்னா நம்ம மெக்கானிக் சொல்லிருப்பானே"ன்னாரு. எந்த மெக்கானிக்க கூப்பிட்டீங்க, தீபாவளிக்கு முந்தி ஒருத்தன் வந்தான், அது எந்த தீபாவளின்னு கேக்காதீங்க. அவன் பில்டர உருவி எடுத்தப்ப நான் பக்கத்துல நின்னேன், சாம்பல் கலர்ல ஒரு கம்பளி. நிஜமா கம்பளி. நடுவுல ஒரு நீட்ட முடி வேற நெய்திருந்துச்சு, மூணு வருஷத்துக்கு முந்தி வேலைய விட்டுப் போன பிள்ளையோடதுன்னு நெனைக்கேன்.

பதில் வராதுன்னு தெரிஞ்சதும் எந்திச்சுப் போய் கொண்டிய எடுத்து ஜன்னல தள்ளினேன்.

ஆனி மாசம். நாரோயில். காத்து எப்படி இருக்கும்னு உங்களுக்குச் சொல்லவா வேணும்? நான் தோவாளைல இருந்து வாறவ, ஆரல்வாய்மொழி கணவா வழியா அடிக்கிற காத்துல குடைய விரிச்சா குடைக்குப் பதிலா கம்பிதான் வீடு வந்து சேரும். இந்தக் காத்த நம்பித்தான முப்பந்தல்ல ஊரெல்லாம் காத்தாலைய நட்டு வச்சிருக்கான். அந்தக் காத்து இத்தன நாளு அந்தக் கண்ணாடிக்கு வெளிய நின்னு காத்துக்கிட்டு இருந்த மாதிரி ஒரே பாய்ச்சலா உள்ள வந்துச்சு. கொட்டேஷன் பைல் பறந்துச்சு. வருகைப் பதிவேடு பக்கம் பக்கமா தானே புரண்டுச்சு. "சோர்வு ஏன்?"னு எழுதின சார்ட் பேப்பர் போய் டைப்பிஸ்ட் அண்ணன் மூஞ்சில அப்பிச்சு, அவரு முழிச்சு "பிரசன்ட் சார்"ன்னாரு. அப்புறம் சாரு. சாரு இடது காதுக்கு மேல இருந்து வலது காது வரைக்கும் பாலம் போட்ட மாதிரி படிய வச்சிருப்பாரு ஒரு அஞ்சாறு முடி. அது எந்திச்சு நின்னுச்சு. கொடி மாதிரி. யாரும் சிரிக்கல, அதான் கொடும, பதிமூணு பேரும் தலைய குனிஞ்சு தோளு மட்டும் குலுங்குது.

பத்தே நிமிஷம், மீட்டர் 900-க்கு வந்துடுச்சு. தலைவலி எறங்கிச்சு. எல்லாரும் நிமிந்து உக்காந்துட்டாவ. சோர்வு ஏன்னு கேட்டீங்கல்ல சார், பதில் நேருல வந்து முடிய கோதி விட்டுட்டுப் போச்சு, எழுதிக்கிடுங்க.

ஆனா சாரு சொன்னது "தூசி வருதும்மா, அடைச்சிடு." தூசி வருதாம். வருது, இல்லங்கல, ரோட்ட தோண்டிப் போட்டுருக்கான், வரத்தான் செய்யும். அதுக்கு வலை அடிக்கலாம், எதிர்ப்பக்கம் ஒரு எக்ஸாஸ்ட் பேன் மாட்டலாம், மீட்டிங்குக்கு நடுவுல அஞ்சு நிமிஷம் தொறந்து அடைக்கலாம். இவங்க ஸ்க்ரூ அடிச்சாவ. சத்தியமா தூசிக்கு இல்ல, அந்த அஞ்சாறு முடிக்குத்தான்.

தக்கலை பக்கம் பத்மநாபபுரம் அரண்மனைல மந்திரசாலை பாத்திருப்பீங்க, ஸ்கூல் டூர்ல எல்லாரையும் கொண்டு போவாங்கல்லா. ராஜா மந்திரிமாரோட உக்காந்து பேசுற மீட்டிங் ரூம். சுத்தி மரச்சட்டம், வெயில் உள்ள வராது, காத்து வரும், வெளிய கொளுத்தினாலும் உள்ள குளுகுளுன்னு இருக்கும். கரண்ட் கிடையாது. இன்ஜினியரிங் காலேஜ் கிடையாது. நாம கண்ணாடிப் பெட்டி கட்டி, அதுக்குள்ள 14 பேர போட்டு மூடி, 18-ல குளுத்தி, ஒருத்தனுக்கு தடுமன் வந்தா அந்த வாரத்துலயே 14 பேருக்கும் பங்கு வச்சுக் குடுக்கோம். போன மாசம் ஆபீசு முழுக்க பிளாஸ்க்ல சுக்குக் காப்பி. லீவு கேட்டா "சீசன் மாறுது, அதான்." சீசன் எங்க சார் மாறுது, உங்க ரூம்ல வருஷம் பூரா மார்கழிதான.

முந்தி ஒருதடவ ஒருத்தரு திற்பரப்புல இருந்து ஆசையா சக்கப்பழம் கொண்டு வந்தாரு, அந்த வெள்ளிக்கிழமையே தின்னு முடிச்சாச்சு. திங்கக்கிழமை கதவ தொறந்தா சக்கப்பழம் எங்களுக்கு முந்தியே வேலைக்கு வந்து உக்காந்திருக்கு. புதன் வரைக்கும் லீவே போடல.

அதுக்கு மருந்தா ஒரு மிஷின் வாங்கி மாட்டினாவ, அரை மணிக்கு ஒருதடவ புஸ்ஸுன்னு அடிக்கும். கெட்ட காத்துக்கு மேல கொஞ்சம் கெமிக்கல். டப்பால "ஜாஸ்மின்"னு போட்டிருக்கு. தோவாளைக்காரிகிட்ட ஜாஸ்மின்! விடியக்காலம் எங்க ஊரு சந்தைல பிச்சிப்பூ குவிஞ்சு கெடக்கும்போது பக்கத்துல நடந்து பாத்திருக்கீங்களா? இது அந்த வாசம் இல்ல. இது யாரோ பினாயிலுக்கு கல்யாணம் பண்ணி வச்ச வாசம்.

மணி பிளான்ட் கதைய விட்டுட்டேன் பாருங்க. ஸ்க்ரூ அடிச்ச ஜன்னலுக்குக் கீழ இன்னைக்கு ஒரு தொட்டி வச்சிருக்காவ. குரூப்ல சாரு மெசேஜ் வேற: "நாசா ஆராய்ச்சிப்படி செடிகள் காற்றைச் சுத்திகரிக்கும்." சார், 1989-ல நாசா செஞ்சது அடைச்ச சின்னப் பெட்டிக்குள்ள செடிய வச்சு. நம்ம மாதிரி ரூம்ல ஜன்னல் செய்ற வேலைய செடி செய்யணும்னா ஒரு சதுர மீட்டருக்கு 10 செடில இருந்து 1000 செடி வரை வேணும்னு 2019-ல கணக்கு போட்டுச் சொல்லிட்டாங்க. 1000 செடி வச்சா நாம எங்க உக்கார? மொட்ட மாடிலயா? அப்படின்னா சம்மதம், அங்கயாவது காத்து வரும். இருக்க ஒத்தச் செடியும் இலை மஞ்சளா தொங்குது, அதுக்கும் தலைவலிதான் போல.

4 மணிக்கு தாங்கல, கீழ எறங்கி சாயாக்கடைக்கு வந்துட்டேன். இத அங்க நின்னுதான் டைப் பண்ணுதேன். பஸ் பொகை, தோண்டின மண்ணு, பக்கத்துல ஒரு அண்ணாச்சி பீடி. மீட்டர் 440. நெஞ்சு நிறைய இழுத்து விட்டேன், சிரிப்பா வருது, பொகைக்குள்ள நின்னுக்கிட்டு என்ன சொகம்னு நெனச்சேன் பாருங்க.

அந்த சந்தோஷத்துல ஒரு பழபஜ்ஜி வாங்கினேன். நல்லா உப்பி, உள்ளங்கை அளவுக்கு இருந்துச்சு. கடிச்சா பட்டுனு அமுங்கிப் போச்சு. ஏத்தம்பழம் எங்கன்னு தேடினா ஓரத்துல போஸ்ட் கார்டு கனத்துக்கு ஒரு துண்டு ஒட்டிக்கிட்டு இருக்கு. மிச்சமெல்லாம் காத்து.

15 ரூவா, வே. 15 ரூவா.