பூஜ்யம் போட்டால் பக்கத்துப் பிரிண்டருக்குப் போகுமா?

சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, இன்றைக்கு எழுதியே தீர வேண்டும். நம் டீம் ஆட்களே, ஐபி முகவரி (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் இருக்கும் எண் விலாசம்) வாங்கும் பெட்டியை டெஸ்ட் பண்ணுங்கள் என்றால், 192.168.1.1 அடித்துப் பச்சை வருகிறதா, 999.1.1.1 அடித்துச் சிவப்பு வருகிறதா என்று பார்த்துவிட்டு எழுந்து போய்விடுகிறீர்கள். அதற்குப் பெயர் டெஸ்டா?

போன வாரம் காரைக்குடி நூறடி ரோட்டில் ஒரு சைவ ஹோட்டல். பில்லிங் சாஃப்ட்வேர் நாங்கள் போட்டுக் கொடுத்தது. சாயங்கால டிபனுக்கு வெள்ளைப் பணியாரம் போடத் தனி அடுப்பு வைத்து, அந்த ஆர்டர் சீட்டுக்கென்று புதுப் பிரிண்டரும் வாங்கினார்கள். பிரிண்டர் துப்பிய சோதனைத் தாளில் 192.168.001.010 என்று மூன்று மூன்று இலக்கமாக அச்சாகியிருந்தது. கடைப் பையன் அதைப் பார்த்து அப்படியே அடித்தான். 'முகவரி சரி' என்று எங்கள் திரை பச்சை காட்டியது. அவன் மேல் ஒரு தப்பும் இல்லை.

அப்புறம் பணியாரச் சீட்டெல்லாம் காபி போடும் இடத்துப் பிரிண்டரில் வந்து விழுந்தது. காபி மாஸ்டர் தனக்கில்லாத சீட்டு என்று கிழித்து ஓரமாக வைத்துவிட்டார். குழந்தைகளோடு உட்கார்ந்திருந்த குடும்பங்கள் முக்கால் மணி நேரம் காத்திருந்தன. பணியாரம் போடும் அக்காவுக்கு எல்லார் முன்னாலும் திட்டு. "எனக்குச் சீட்டே வரலையே தம்பி" என்று அவர் சொன்னதை யாருமே நம்பவில்லை. கம்ப்யூட்டர் 'அச்சாகிவிட்டது' என்றல்லவா காட்டுகிறது! அடுப்புச் சூட்டில் நின்று வேலை பார்க்கும் ஒரு மனுஷி, நாம் சோம்பேறித்தனமாக எழுதிய இரண்டு வரிக்காகப் பொய்க்காரி ஆகிறார். எனக்கு வயிறு எரிகிறது.

இரண்டு சாயங்காலம் எனக்குப் போனது. கேபிளை மாற்றினேன், ஸ்விட்சை மாற்றினேன். 192.168.1.10 என்று நானே அடித்துப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. கடைசியில்தான் அந்தப் பூஜ்யம் கண்ணில் பட்டது.

விஷயம் புதிதே இல்லை. 1983-இல் வந்த 4.2 பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் இயங்குதளக் காலத்துச் செயல்கூறுகள் (ஃபங்ஷன்கள்), முகவரியைப் படிக்கும்போது சி மொழியின் வழக்கத்தையே பின்பற்றின. எண் பூஜ்யத்தில் தொடங்கினால் அது ஆக்டல், அதாவது எட்டை அடியாகக் கொண்ட எண். அந்தக் கணக்கில் 010 என்றால் எட்டு. இதில் கொடுமை என்னவென்றால் 001 முதல் 007 வரை எந்த வித்தியாசமும் தெரியாது. 008, 009 அடித்தால், எட்டும் ஒன்பதும் ஆக்டலில் இல்லாத இலக்கம் என்பதால் பெரும்பாலும் பிழையாவது வரும். 010, 011 மாதிரி அடித்தால் சத்தமே இல்லாமல் வேறு இடத்துக்குப் போய்விடும். எங்கள் திரையில் சரிபார்த்த ரெகெக்ஸுக்கு (எழுத்தின் வடிவத்தை மட்டும் ஒப்பிடும் சூத்திரம்) அது பத்து. பின்னால் இணைப்பைத் திறக்கும் கோடுக்கு அது எட்டு. எட்டில் இருந்தது காபி பிரிண்டர்.

ஒரே எழுத்தை வாசலில் ஒருவன் ஒரு மாதிரி படிக்கிறான், அடுக்களையில் இன்னொருவன் வேறு மாதிரி படிக்கிறான். டெஸ்ட் பண்ண வேண்டிய இடமே இதுதான்! இதைப் பிழையாகப் பதிந்தால் "யாரு அப்படியெல்லாம் அடிப்பாங்க?" என்று மூடிவிடுகிறீர்கள். பிரிண்டரே அப்படித்தானே அச்சடிக்கிறது!

பணியாரத்தோடு போனால் பரவாயில்லை. 127.1, 2130706433, 0177.0.0.1 இந்த மூன்றும் அந்தப் பழைய செயல்கூறுக்கு 127.0.0.1-தான், அதாவது கணினி தன்னையே கூப்பிடும் உள் முகவரி. உள் முகவரிகளைத் தடுக்கிறேன் என்று எழுத்தை எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால், தெரிந்தவன் இந்த வழியாக நேராக உள்ளே வருவான். 2021-இல் நிரல் மொழிகளான பைத்தான் 3.9.5-உம் கோ 1.17-உம் முன்னால் பூஜ்யம் வைத்த ஐபிவி4 முகவரியை (இந்த நான்கு பகுதி வகை) ஏற்க மாட்டோம் என்று மாறியது சும்மாவா? அதே வருடம் நோட் (ஜாவாஸ்கிரிப்ட்) பக்கம் நெட்மாஸ்க் என்ற நிரல் தொகுப்பிலும் இதே பூஜ்ய ஓட்டைதான் வெளியே வந்தது. அவ்வளவு பேர் பட்டுத் திருந்திய பிறகும் நாம் மட்டும் ரெகெக்ஸைக் கட்டிக்கொண்டு அழுகிறோம்.

அந்த ரெகெக்ஸ் லட்சணத்தையும் சொல்கிறேன். பைத்தான் 3-இல் 'இலக்கம்' என்று கேட்டால் அது தமிழ் இலக்கத்தையும் இலக்கமாகவே எடுத்துக்கொள்ளும். எங்கள் ஊர்ப் பழைய வரவு செலவு ஏடுகளில் இருக்கிற மாதிரி ௧௯௨.௧௬௮.௧.௭ என்று கொடுத்தேன். பச்சை! இணைக்கப் போன கோடு அங்கேயே விழுந்தது. வாட்ஸ்அப்பில் வந்த முகவரியைக் கடைசி இடைவெளியோடு ஒட்டினாலும் இதே கதி. ஐபிவி6 என்ற புது வகை முகவரியில் ::1 என்பதும் 0:0:0:0:0:0:0:1 என்பதும் ஒரே முகவரி என்றுகூட நம் சாஃப்ட்வேருக்குத் தெரியாது.

கேட்பது பெரிய காரியம் இல்லை. சரிபார்ப்பதும் இணைப்பதும் ஒரே லைப்ரரியாக இருக்கட்டும். ஒருமுறை படித்து எண்ணாக்கி, அதன் பிறகு அந்த எண்ணையே எல்லா இடத்திலும் கொண்டுபோங்கள். படித்த முகவரியைத் திரும்ப எழுதித் திரையில் காட்டுங்கள். 010 அடித்த பையன் முன்னால் 192.168.1.8 என்று தெரிந்திருந்தால் அவனே அங்கேயே பிடித்திருப்பான்.

ஹோட்டல் அண்ணனையும் அந்த அக்காவையும் ஒன்றாக நிற்க வைத்து, தப்பு எங்களுடையது என்று சொல்லிவிட்டு வந்தேன். 008, 010, 127.1, கடைசி இடைவெளி, தமிழ் இலக்கம் இத்தனைக்கும் டெஸ்ட் எழுதி ஓட்டிக் காட்டும்வரை அடுத்த ரிலீஸுக்கு நான் சரி சொல்லப் போவதில்லை.