ஒரு நிருபருக்கு எதிராக 17 நிருபர்கள்

'கில் த மெசஞ்சர்' படத்தை நேற்றிரவு மறுபடியும் பார்த்தேன். 2014இல் வந்த படம். முதல் முறை பார்த்தபோது அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ மீது கோபம் வந்தது. இந்த முறை பத்திரிகைக்காரர்கள் மீது வந்தது. நானும் ஒரு நாளிதழில் சில ஆண்டுகள் குப்பை கொட்டியவன் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது.

கேரி வெப் என்ற நிஜ மனிதரின் கதை இது. கலிபோர்னியாவின் 'சான் ஹோசே மெர்குரி நியூஸ்' நாளிதழில் நிருபர். 1996 ஆகஸ்டில் 'டார்க் அலையன்ஸ்' என்ற தொடரை மூன்று பகுதிகளாக எழுதினார். மத்திய அமெரிக்க நாடான நிகராகுவாவின் சாண்டினிஸ்டா என்ற இடதுசாரி அரசைக் கவிழ்க்க சிஐஏ வளர்த்த கான்ட்ரா என்ற கிளர்ச்சிப் படைக்கு, லாஸ் ஏஞ்சலிஸின் கறுப்பினத்தவர் வாழும் தெருக்களில் கொக்கெய்ன் விற்ற பணம் போனது என்பதுதான் செய்தி. கடத்தியவர்கள் மெனெசெஸ், பிளாண்டன். வாங்கி, கிராக்காக (புகைக்கும் வகைக் கொக்கெய்ன்) மாற்றி விற்றவர் 'ஃப்ரீவே' ரிக் ராஸ். பெயரோடும் நீதிமன்ற ஆவணங்களோடும் எழுதினார். அந்த ஆவணங்களைப் பத்திரிகை இணையத்திலும் ஏற்றியது. அன்றைக்கு அது புதுமை.

தன் ஊர்ச் செய்தியை இன்னொரு ஊர்ப் பத்திரிகை தட்டிக்கொண்டு போனதை 'லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ்' எப்படிப் பொறுக்கும்? 17 நிருபர்களை இறக்கிவிட்டது, வெப்பின் தொடரில் ஓட்டை தேட. 'வாஷிங்டன் போஸ்ட்', 'நியூயார்க் டைம்ஸ்' இரண்டும் சேர்ந்துகொண்டன. ஏபி செய்தி நிறுவனம் 1985லேயே கான்ட்ரா–கொக்கெய்ன் தொடர்பை எழுதியது. 1989இல் செனட்டர் ஜான் கெரியின் குழு அறிக்கையே கொடுத்தது. அப்போதெல்லாம் இந்தச் சுறுசுறுப்பைக் காணோம்.

தொடரில் குறையே இல்லை என்று வாதாட மாட்டேன். கான்ட்ராக்களுக்குப் போன பணத்தின் அளவைச் சொன்னதிலும், கிராக் பரவியதற்கு இந்த ஒரு கும்பலை மையமாக்கியதிலும் கொஞ்சம் மிகையாகப் போய்விட்டது. ஆனால் கறுப்பினத்தவரை அழிக்க சிஐஏ திட்டமிட்டது என்று அவர் எழுதவே இல்லை. எழுதாததை எழுதியதாகச் சொல்லி, அதைத்தான் விழுந்து விழுந்து மறுத்தார்கள்.

இது எனக்குப் பழகிய காட்சி. அடுத்த பத்திரிகையில் பெரிய செய்தி வந்த நாளில், அலுவலகத்தில் சம்பந்தப்பட்ட நிருபருக்குக் காலையில் திட்டு விழும். மாலைக்குள் அந்தச் செய்தியில் ஒரு பிழையைக் கண்டுபிடித்துவிட்டால் அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி! தேநீர்கூட வாங்கிக் கொடுப்பார்.

அதனால்தான் மர்ம ஆசாமிகள் வந்து மிரட்டும் காட்சிகள் படத்துக்குத் தேவையே இல்லை என்று நினைக்கிறேன். நேற்றுவரை தோளில் தட்டிக்கொடுத்த ஆசிரியர்கள் முகம் கொடுத்துப் பேசாமல் நழுவுகிறார்களே, எனக்கு வயிற்றைக் கலக்கியது அங்கேதான். அதைத் தாங்குபவராக ஜெரமி ரென்னர் அளவாக நடித்திருக்கிறார்.

1997 மே மாதம் 'மெர்குரி நியூஸ்' ஆசிரியர் ஜெர்ரி செப்போஸ், தொடரில் குறைகள் இருந்தன என்று பத்தி எழுதிக் கைகழுவினார். போதைக் கடத்தல் குற்றச்சாட்டு இருந்தவர்களோடும் சிஐஏ தொடர்ந்து வேலை செய்தது என்பதை, 1998இல் அந்த அமைப்பின் தலைமை ஆய்வாளர் அறிக்கையே ஒப்புக்கொண்டது. அதற்குள் வெப் வேலையை விட்டிருந்தார். பெரிய நாளிதழ் எதுவும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 2004 டிசம்பரில் தற்கொலை செய்துகொண்டார்.

வேலையை விடுவதற்கு முன் அவரை வீட்டிலிருந்து வெகுதூரத்தில், குபர்டினோவில் இருந்த கிளை அலுவலகத்துக்குத் தூக்கியடித்திருந்தார்கள். அங்கே அவரிடம் ஒப்படைத்த செய்திகளில் ஒன்று, மலச்சிக்கலால் செத்துப்போன ஒரு போலீஸ் குதிரையைப் பற்றியது.