அட்டையில இருக்கிறது எங்கட வள்ளம் இல்ல

போன மாசம் திருகோணமலை டவுனில ஒரு புத்தக வெளியீட்டுக்குப் போனன். எங்கட பக்கத்துக் கரைவலைக்காரரைப் பற்றின சிறுகதைத் தொகுப்பு. எழுதினவர்ர பேரை இதில சொல்லேல்ல, அவரில எனக்குக் கோபமும் இல்ல, கதையள் அவ்வளவு நல்ல கதையள், அதாலதான் இவ்வளவு ஆத்திரம் வருது.

வீட்ட கொண்டுவந்து பெரியப்பாட்ட குடுத்தன். உப்புவெளிப் பக்கம் 30 வருசத்துக்கு மேல கரைவலை இழுத்த மனுசன். கண்ணாடியைப் போட்டு அட்டையைக் கனநேரம் பார்த்திட்டு, "பிள்ளை, இது எந்த ஊர் வள்ளம்? எங்கட ஊர்க் கதை எண்டெல்லோ சொன்னனீ" எண்டு கேட்டார். அப்பதான் நானும் வடிவா பார்க்கிறன், கேரளாவில டூரிஸ்ட் ஆக்கள் ஏறிப்போற கூரை போட்ட கெட்டுவள்ளம், ரெண்டு பக்கமும் தென்னை, அசையாத காயல் தண்ணி. கரைவலை எண்டா வலையை வள்ளத்தில ஏத்தி அரைவட்டமா கடலுக்க விட்டுக்கொண்டு வந்து, பிறகு ரெண்டு பக்கத்துக் கயித்தையும் கரையில நிண்டு ஆக்கள் இழுக்கிற தொழில், அதில கூரைக்கு என்ன வேலை? பெரியப்பா புத்தகத்தை மேசையில வச்சிட்டு எழும்பிப் போயிட்டார்.

பின்னட்டை அதைவிட மோசம். ஆசிரியர் படிச்ச பள்ளிக்கூடம், பார்த்த உத்தியோகம், வாங்கின பட்டம், கடைசி வரியில "மண்வாசனை". அந்தச் சொல்லைக் கழட்டி வேற எந்தப் புத்தகத்திலயும் ஒட்டலாம். உள்ளுக்க ஒரு கதையில வாடைக்குக் கடல் கொந்தளிச்சு வலை வளைக்க வழியில்லாம, சம்மாட்டியிட்ட, அதுதான் வலையும் வள்ளமும் வச்சிருக்கிற முதலாளியிட்ட, முற்பணம் கேட்டு ஒரு பொம்பிளை வாசல்ல நிக்கிறா. அந்த ஒரு இடத்தைச் சொல்லியிருந்தா காணும், நான் நிண்ட நிலையில வாங்கியிருப்பன். (இன்னொரு நாவலில முடிவில ஆர் சாகிறது எண்டதையே பின்னட்டையில போட்டிருந்தினம், அதைப் பற்றி எழுதத் தொடங்கினா இந்தப் பதிவு முடியாது.)

பின்னட்டையில போடுற இந்த அறிமுக வரியளுக்கு இங்கிலிஷில பிளர்ப் எண்டு பேர் வச்சது 1907ல, ஜெலட் பர்ஜஸ் எண்ட அமெரிக்க எழுத்தாளர். பெலிண்டா பிளர்ப் எண்டு ஒரு பொம்பிளையை அட்டையில போட்டு, அவ வாயில கையை வச்சுப் புகழ்ச்சியைக் கூவுற மாதிரி நக்கலடிச்சவர். நூறு வருசம் தாண்டியும் நாங்கள் அந்தக் கூவலைத்தான் அச்சடிக்கிறம், அதுவும் புத்தகத்தைப் பற்றியில்ல, ஆளைப் பற்றி.

எப்பிடி இப்பிடி நடக்குது எண்டா, முதல்ல ஹோல் புக் பண்ணி அழைப்பிதழும் அடிச்சாச்சு, வெளியீட்டுக்கு ரெண்டு கிழமைதான் இருக்கு, அப்பதான் அட்டை ஞாபகம் வருது. டிசைன் பண்ணுற தம்பிக்குத் தலைப்பை மட்டும் வட்ஸ்அப்பில அனுப்பினா அவன் என்ன செய்வான், கூகிள்ல கடல், வள்ளம் எண்டு தேடி வடிவான படத்தை எடுப்பான். அவனைப் பிழை சொல்லேலாது, ஒரு கதையைக்கூட அவனுக்கு ஒருத்தரும் வாசிக்கக் குடுக்கேல்ல. ஸ்க்ரீன்ல பளிச்செண்டு இருந்த நீலம் பிரிண்டில மங்கிறது, பாமினி எண்ட பழைய எழுத்துருவில அடிச்சதை யூனிகோடுக்கு மாத்தேக்க எழுத்து உடையிறது, அதெல்லாம் ப்ரூஃப் பார்த்தா தீரும். 978-624 எண்டு தொடங்குற ஐஎஸ்பிஎன்ல, புத்தகத்துக்குக் குடுக்கிற அந்த நம்பரில, ஒரு இலக்கம் பிழைக்காம எத்தினை தரம் சரிபார்க்கிறம், அந்தக் கவனத்தில பாதி பின்னட்டைக்குப் போகட்டும்.

அண்டைக்கு இரவு பெரியப்பாவுக்கு முதலாவது கதையை நானே வாசிச்சுக் காட்டினன். மடி, அதுதான் மீன் சேருற வலைப்பை, கரைக்கு வாற இடத்தில சாய்ஞ்சிருந்தவர் நிமிர்ந்து இருந்திட்டார், மற்றதையும் வாசி எண்டார். இந்த மனுசனைத்தானே அந்த அட்டை திருப்பி அனுப்பினது.

புத்தகம் போடப்போற ஆக்கள் ஆராவது இதை வாசிச்சா, பிரதியை எனக்கு அனுப்புங்கோ. முழுக்க வாசிச்சிட்டு பின்னட்டைக்குப் பத்து வரி எழுதித் தாறன், காசு வேண்டாம். படம் வேணுமெண்டாலும் சொல்லுங்கோ, விடிய வலை இழுக்கிற நேரம் பெரியப்பாவோட போய் எடுத்துத் தாறன். வெளியீட்டுத் திகதியை மட்டும் ஒரு மாசம் தள்ளி வையுங்கோ.